வாயு விதி, வெப்ப ஆற்றல் கணக்குகள்: கேட்டதும் பதிலும்

பிளஸ் ஒன் பிள்ளைகளும் வீட்டில் உட்கார்ந்து அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோரும் கேட்டவை. தயங்காமல் கேளுங்கள். இந்தப் பாடத்தில் திணறுகிறவர்களில் பலருக்குக் கணக்கு நன்றாகவே வரும். அலகையும் வெப்பநிலையையும் கவனிக்காததால்தான் விடை தவறுகிறது.

டீச்சர், வாயுக் கணக்கில் கெல்வினுக்கு மாற்றாவிட்டால் மார்க் போகிறது. வெப்பக் கணக்கில் எங்கள் சார் மாற்றுவதே இல்லை. ஏன்?

நல்ல கேள்விம்மா. வாயு விதியில் ஒரு வெப்பநிலையை இன்னொன்றால் வகுக்கிறோம். 27 டிகிரி செல்சியஸில் இருக்கும் வாயுவை 54 டிகிரிக்குக் கொண்டுபோனால் வெப்பநிலை இரட்டிப்பானதாகத் தோன்றும். கெல்வினுக்கு மாற்ற 273 கூட்டினால், உண்மையில் 300 கெல்வின் 327 ஆகியிருக்கிறது. அழுத்தம் மாறாமல் இருந்தால் கனஅளவு கூடுவது 9 சதவீதம்தான். வெப்பக் கணக்கில் நாம் எடுப்பது வித்தியாசம். 30-லிருந்து 80 வரை 50 டிகிரி; 303-லிருந்து 353 வரையும் அதே 50. அதனால் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் ஒன்றுதான்.

பாயில், சார்லஸ், கே-லுசாக், அவகாட்ரோ... எந்தக் கணக்குக்கு எந்த விதி என்று குழம்புகிறது, மேடம்.

நாலையும் தனித்தனியாகச் சுமக்க வேண்டாம். பிவி = என்ஆர்டி ஒன்று போதும். பி அழுத்தம், வி கனஅளவு, என் மோல் எண்ணிக்கை (வாயு எவ்வளவு இருக்கிறது என்பது), ஆர் வாயு மாறிலி, டி கெல்வினில் வெப்பநிலை. கேள்வியைப் படித்ததும் 'இதில் எது மாறவில்லை?' என்று பாருங்கள். மூடிய உருளை என்றால் மோல் எண்ணிக்கை மாறாது, கனஅளவும் மாறாது. அந்த இரண்டையும் அடித்துவிட்டால் மிச்சம் நிற்பது கே-லுசாக் விதி. வெப்பநிலையை அடித்தால் பாயில் விதி வந்துவிடும்.

ஆர் மதிப்பு 8.314-ஆ, 0.0821-ஆ?

இரண்டும் ஒரே மாறிலிதான், அலகுதான் வேறு. லிட்டரும் வளிமண்டல அழுத்தமும் கொடுத்திருந்தால் 0.0821. பாஸ்கலும் கனமீட்டரும் என்றால் 8.314. 16 கிராம் ஆக்சிஜன், 10 லிட்டர் கலன், 27 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 16-ஐ 32-ஆல் வகுக்க 0.5 மோல். 0.5 × 0.0821 × 300 ÷ 10 = 1.23 வளிமண்டல அழுத்தம். 8.314 வைத்துப் போடும்போது 10 லிட்டரை 0.01 கனமீட்டர் ஆக்குங்கள். சுமார் 1,24,700 பாஸ்கல் வரும். அதுவும் அதே 1.23 வளிமண்டலம்தான். லிட்டரை மாற்றாமல் 8.314 போடுவதுதான் விடைத்தாளில் அதிகம் கண்ணில் படும் தவறு.

50 கிராம் பனிக்கட்டி, மைனஸ் 10 டிகிரி. 30 டிகிரி தண்ணீராக்க எவ்வளவு வெப்பம் வேண்டும்? எனக்கு 7,320 ஜூல் வருகிறது, விடையில் 24,020 என்று இருக்கிறது. புத்தகம் தப்பா, அக்கா?

புத்தகம் சரி தம்பி. உன் 7,320 எப்படி வந்தது என்றும் தெரிகிறது. ஒரு கிராமை ஒரு டிகிரி ஏற்றப் பனிக்கட்டிக்கு 2.1 ஜூல், தண்ணீருக்கு 4.18 ஜூல் வேண்டும். பனிக்கட்டியை 0 டிகிரிக்குக் கொண்டுவர 50 × 2.1 × 10 = 1,050. தண்ணீரை 30-க்கு ஏற்ற 50 × 4.18 × 30 = 6,270. இரண்டையும் சரியாகப் போட்டிருக்கிறாய். நடுவில் உருகுவதற்கான (கிராமுக்கு 334 ஜூல்) 50 × 334 = 16,700 விட்டுப்போச்சு. மூன்றையும் கூட்டினால் 24,020.

இதை நீயே செய்து பார்க்கலாம். சின்னப் பாத்திரத்தில் பனிக்கட்டியும் கொஞ்சம் தண்ணீரும் போட்டு, ஆய்வக வெப்பமானியால் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே மெல்லிய தீயில் கலக்கு. தீ எரிந்துகொண்டேயிருக்கும், அளவு மட்டும் 0-ஐ ஒட்டியே நிற்கும். கடைசித் துண்டு கரைந்த பிறகுதான் ஏறத் தொடங்கும். அந்த நேரமெல்லாம் உள்ளே போன வெப்பம்தான் உள்ளுறை வெப்பம். மொத்தத்தில் பெரும்பங்கு அதுவே. நிலைமாற்றம் வரும் கணக்கில் முதலில் ஒரு கோடு போட்டு 0, 100 இரண்டையும் குறித்துவிடு. கோடு அவற்றைத் தாண்டும் இடத்தில் ஒரு படி கூடும்.

பைக் டயரில் 32 பிஎஸ்ஐ, 27 டிகிரி. ஓட்டியபின் 57 டிகிரி. 35.2 வருகிறது, சரியா?

இல்லை. காற்றடிக்கும் கடையில் காட்டும் 32, வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் உள்ளது மட்டும். வெளிக்காற்றின் அழுத்தமான 14.7 பிஎஸ்ஐ-யையும் சேர்த்து 46.7 ஆக்குங்கள். 46.7 × 330 ÷ 300 = 51.4. திரும்ப 14.7 கழித்தால் 36.7 பிஎஸ்ஐ. டயர் விரியவில்லை என்று வைத்துத்தான் இது. 1662-ல் பாயில் வெளியிட்ட அட்டவணையிலேயே, குழாயில் ஊற்றிய பாதரசத்தின் உயரத்தோடு காற்றின் பங்காக ஏறத்தாழ 29 அங்குலம் கூட்டியிருக்கிறார். அதைக் கூட்டாமல் அவர் விதி நிற்காது.

மோலார் கனஅளவு 22.4-ஆ 22.7-ஆ?

மோலார் கனஅளவு என்பது ஒரு மோல் வாயு பிடிக்கும் இடம். 0 டிகிரியில் 1 வளிமண்டலம் என்றால் 22.4 லிட்டர், 1 பார் (1,00,000 பாஸ்கல்) என்றால் 22.7. வேதியியலுக்கான சர்வதேச அமைப்பான ஐயுபிஏசி 1982 முதல் 1 பாரையே திட்ட அழுத்தமாகச் சொல்கிறது. கேள்வியில் கொடுத்த அழுத்தத்தைப் பார்த்துப் போடுங்கள்.

100 டிகிரியில் இருக்கும் 100 கிராம் செம்பை, 30 டிகிரியில் இருக்கும் 200 கிராம் தண்ணீரில் போட்டால் 33 டிகிரிதான் வருகிறது. இவ்வளவு குறைவாகவா, மேடம்?

சரியாகப் போட்டிருக்கிறீர்கள். ஒரு டிகிரி மாற வேண்டிய வெப்பம் செம்புக்கு 100 × 0.385 = 38.5 ஜூல், தண்ணீருக்கு 200 × 4.18 = 836 ஜூல். தண்ணீர் 3 டிகிரி ஏறுவதற்குள் செம்பு 67 டிகிரி இறங்கிவிடுகிறது. செம்பு இழந்தது சுமார் 2,580 ஜூல், தண்ணீர் பெற்றதும் அதே. இப்படி இரண்டு பக்கமும் போட்டுப் பார்த்துவிட்டால் விடை குறைவாக இருக்கிறதே என்ற சந்தேகம் வராது.

வீட்டு கேஸ் சிலிண்டரில் எவ்வளவு மீதி என்று அழுத்தத்தை வைத்துக் கணக்குப் போடலாமா?

முடியாது. உள்ளே இருப்பது பெரும்பாலும் திரவம். கொஞ்சம் திரவம் இருக்கும்வரை அழுத்தம் பெரிதாக இறங்காது, அதனால் பிவி = என்ஆர்டி இங்கே உதவாது. தராசில் வைத்து எடை போட்டு, சிலிண்டரில் எழுதியிருக்கும் காலி எடையைக் கழியுங்கள்.