ஐந்தாம் மாதத்தில் பல்வலி: பிரசவம் வரை பொறுக்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு இது ஐந்தாம் மாதம். பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வருகிறது. கடைவாய்ப் பல் ஒன்றில் சொத்தை. இரவில் வலி தூங்கவிடுவதில்லை. "பிரசவம் ஆகட்டும், அதுவரை பல்லில் கை வைக்காதே" என்கிறார்கள் வீட்டில். பொறுத்திருக்கலாமா? பிறக்கப்போகும் குழந்தையின் பல்லை எப்போதிருந்து கவனிக்க வேண்டும்?

பதில்: பொறுக்க வேண்டாம். இந்த வாரமே பல் மருத்துவரைப் பாருங்கள், எத்தனையாவது மாதம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவசியமான பல் சிகிச்சையைக் கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் செய்யலாம். உங்களுக்கு இப்போது நல்ல சமயமும்கூட: பெரும்பாலும் குமட்டல் அடங்கியிருக்கும், நாற்காலியில் சாய்ந்து படுக்க வயிறும் இடைஞ்சல் செய்யாது.

இரவில் தானாகவே வலிக்கிறது என்றால் சொத்தை நரம்பைத் தொட்டிருக்க வாய்ப்பு அதிகம். வேர் சிகிச்சை (ரூட் கெனால்) தேவைப்படலாம். அப்படியே விட்டால் சீழ் பிடித்து முகம் வீங்கும், காய்ச்சல் வரும். உங்களுக்கும் குழந்தைக்கும் ஆபத்து அதில்தான், சிகிச்சையில் இல்லை. மரத்துப்போகப் போடும் லிக்னோகைன் ஊசி கர்ப்பிணிகளுக்குப் பாதுகாப்பானது. ஒரு பல்லுக்கு எடுக்கும் எக்ஸ்ரேயில் கதிர்வீச்சு மிகக் குறைவு, அதுவும் தாடையை நோக்கித்தான் போகிறது. பயப்பட வேண்டியது நாமாக வாங்கிப் போடும் மாத்திரைகளுக்குத்தான். ஐபுபுரூஃபென் போன்ற வலி மாத்திரைகள் 20 வாரத்துக்குப் பிறகு கூடாது. டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து குழந்தையின் பற்களிலேயே கறையாகப் படியும். வலிக்கு என்ன மாத்திரை, எந்த அளவு என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

ஈறில் ரத்தம் வருவது இந்தக் காலத்தில் சகஜம். ஹார்மோன் மாற்றத்தால், பல்லோரம் படியும் அழுக்குக்கு ஈறு வழக்கத்தைவிட அதிகமாகச் சிவந்து வீங்குகிறது. ரத்தத்தைப் பார்த்துப் பயந்து அந்த இடத்தைத் தேய்க்காமல் விடுபவர்கள்தான் அதிகம். அழுக்கு சேரச் சேர ரத்தமும் கூடும். மென்மையான பிரஷால், ஈறும் பல்லும் சேரும் விளிம்பில் தினம் இரு வேளை மெல்லத் தேய்த்து வாருங்கள். வாந்தி எடுத்தால் உடனே பல் தேய்க்காதீர்கள். வாந்தியின் அமிலத்தில் பல்லின் மேல் உறையான எனாமல் இளகியிருக்கும். தண்ணீரில் வாய் கொப்பளித்து, அரை மணி நேரமாவது கழித்துத் தேய்க்கலாம்.

குழந்தையின் பால் பற்கள் கருவிலேயே உருவாகத் தொடங்கிவிட்டன. ஆனால் "குழந்தை அம்மாவின் பல்லிலிருந்து கால்சியத்தை உறிஞ்சிவிடும்" என்பது உண்மையல்ல. குழந்தைக்குப் போவது உங்கள் உணவிலிருந்து. அது போதாதபோது எலும்பிலிருந்து போகும், பல்லிலிருந்து அல்ல. உங்கள் வாயிலிருந்து குழந்தைக்குப் போகக்கூடியது சொத்தைக் கிருமிதான், எச்சில் வழியாக. சிகிச்சையை இப்போதே முடிக்கச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

பிறந்த பிறகு, பால் குடித்ததும் சுத்தமான ஈரத்துணியால் ஈறைத் துடைத்துவிடுங்கள். முதல் பல் பொதுவாக ஆறு மாதம் வாக்கில் எட்டிப்பார்க்கும். அன்றிலிருந்தே ஃப்ளூரைடு பற்பசை, ஒரு அரிசி மணி அளவுக்கு மட்டும். மூன்று வயதுக்குப் பிறகு பட்டாணி அளவு. பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கப் பழக்காதீர்கள். முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மாதம் ஒருமுறை மேலுதட்டைத் தூக்கி, முன்பற்கள் ஈறோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே சுண்ணாம்புக் கோடு போல வெளுத்திருந்தால் அதுதான் சொத்தையின் தொடக்கம். குழி விழுவதற்குள் போனால் பெரும்பாலும் ஃப்ளூரைடு பூச்சிலேயே நிறுத்திவிடலாம்.