உடல் பருமன் மருத்துவர் சங்கத்தில் ஒருவர் உறுப்பினர் என்பதால் அவரை நம்பலாமா?

மும்பை செம்பூரில் உங்கள் தாயாருக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர், அமெரிக்காவின் ஒபிசிட்டி மெடிசின் அசோசியேஷனில் உறுப்பினர் என்பதால் அவரை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

1950-இல் தொடங்கப்பட்ட அச்சங்கம், உணவு, உடலுழைப்பு, நடத்தை மாற்றம், மருத்துவச் சிகிச்சை ஆகிய நான்கையும் இணைத்துப் பருமனைக் குணப்படுத்த முயலும் மருத்துவர்களுக்கு மாநாடுகளும் பயிற்சிகளும் நடத்துகிறது. உறுப்பினராக இருப்பது ஈடுபாட்டைக் காட்டுமே தவிர, தேர்ச்சிக்குச் சான்றாகாது. அங்கே சான்றிதழ்த் தேர்வை நடத்துவது 2011-இல் உருவான வேறொரு வாரியம்.

என் கருத்தில், அவர் நம்மவர் உடலுக்கேற்ற அளவுகோலைப் பின்பற்றுகிறாரா என்பதே முக்கியம். மேலைநாடுகளில், உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. என்ற அளவு 30-ஐத் தொட்டால்தான் பருமன் என்பர். இந்தியர்களுக்கோ, குறைந்த எடையிலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து நீரிழிவு வருவதால், 25-ஐயே எல்லையாகக் கொள்கின்றனர். ஆகவே அவர் எடையோடு நிறுத்தாமல் இடுப்புச் சுற்றளவையும் அளக்கிறாரா என்று பாருங்கள். பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. என்பது நம் வரம்பு.

2025 மார்ச்சில் எடையைக் குறைக்கும் மவுன்ஜாரோ ஊசி இந்தியாவுக்கு வந்த பின், மும்பையில் பலரும் முதலில் கேட்பது அதைத்தான். ஊசியை நிறுத்தினால் இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பிவிடுவதுண்டு. சோறும் இட்லியும் மிகுந்து புரதம் குறைந்த நம் உணவில், ஊசியால் எடை குறையும்போது தசையும் கரையலாம். இவ்விரண்டுக்கும் அவர் என்ன திட்டம் வைத்திருக்கிறார் என்று மருந்து தொடங்கும் முன்பே தயங்காமல் கேளுங்கள்.