தம்பி அடித்து வைத்த 340 ரூபாய்

கேள்வி: என் தம்பி நான்கு மாதங்களுக்கு முன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். வயது 36. எட்டு மெஷின் போட்டு பனியன் ஜாப் ஒர்க் செய்துகொண்டிருந்தான். வரவேண்டிய பணம் வரவில்லை, வட்டி ஏறிவிட்டது. அதற்கு முந்தின வாரம்கூட எங்கள் வீட்டுக்கு வந்து, சிரித்துப் பேசி, சாம்பாரை இரண்டாம் முறை கேட்டு ஊற்றிக்கொண்டு சாப்பிட்டான். அவனுடைய கணக்கு நோட்டைப் பார்த்தேன். டீக்கடை பாக்கி 340 ரூபாயைக் கொடுத்துவிட்டு, கோடு போட்டு அடித்து வைத்திருந்தான். டீக்கடைக்காரரை நினைத்தவனுக்குப் பதினோரு வயதுப் பையனை நினைக்கத் தோன்றவில்லையா? சொந்தக்காரர்கள் கோழை என்கிறார்கள். எனக்கும் கோபம்தான் வருகிறது. பையனிடம் மாரடைப்பு என்று சொல்லி வைத்திருக்கிறோம். வட்டிக்காரர்கள் இப்போது தம்பி மனைவியிடம் வந்து நிற்கிறார்கள். சில ராத்திரி, நாமும் எதற்கு இருக்கிறோம் என்று எனக்கே தோன்றுகிறது. அவன் மனதில் என்னதான் இருந்தது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசி வரிக்கு முந்தின வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். ‘எதற்கு இருக்கிறோம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது அசதியில் வந்த வார்த்தையா, இல்லை, உயிரை விட்டுவிடலாம் என்றே தோன்றுகிறதா? நேரடியாகத்தான் கேட்கிறேன். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. கேட்டதும் அழுதுவிடுபவர்கள்தான் அதிகம், அதுவும் ‘அப்பாடா, ஒருத்தராவது கேட்டார்களே’ என்ற அழுகை. இரண்டாவதுதான் உங்கள் பதில் என்றால், மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம். பக்கத்தில் இருப்பவரை எழுப்பிச் சொல்லுங்கள், 14416க்குப் போன் செய்யுங்கள். டெலிமானஸ் என்ற அரசுச் சேவை அது. ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். இப்படி ஒரு சாவு நடந்த வீட்டில் மிச்சமிருப்பவர்களுக்கும் இந்த எண்ணம் வருவது உண்டு. உங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். ஆனால் யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்க வேண்டாம்.

சரி, தம்பியிடம் வருகிறேன்.

நான் சில வருடங்கள் ஓர் உதவி எண்ணில் தன்னார்வலராக இருந்தேன். ஒரு விடியற்காலை வந்த அழைப்பு இன்னும் மறக்கவில்லை. அந்த மனிதர் முதல் கால் மணி நேரம் கேஸ் சிலிண்டர் பற்றியே பேசினார். பதிவு செய்து பத்து நாளாகிறது, வரவில்லை, வீட்டில் மண்ணெண்ணெய் ஸ்டவ்கூட இல்லை என்று. நான் குறுக்கே பேசவில்லை. அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சொன்னார்: “எனக்குச் சாகணும்னு ஆசை இல்லீங்க மேடம். இது நிக்கணும். அவ்வளவுதான்.” எது நிற்க வேண்டும் என்று கேட்டேன். அவரால் சொல்ல முடியவில்லை. நெஞ்சுக்கும் தொண்டைக்கும் நடுவில் ஏதோ ஒன்று, தூங்கினாலும் கூடவே படுத்துக்கொள்கிறது என்றார். அந்த நேரத்தில் வாசலில் சைக்கிள் மணி. “பால்காரர் வந்துட்டார், பாத்திரம் எடுத்துட்டு வரேன், வெச்சுடாதீங்க” என்று போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடி பேசினார்.

சாகப்போகிறேன் என்று போன் செய்தவர்தான் பால் வாங்கப் போனார். நடிப்பா? இல்லை. அந்த மனநிலையே அப்படித்தான் இரண்டாகக் கிடக்கும். ஒரு பாதி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடும், இன்னொரு பாதி எல்லாவற்றையும் முடிக்கப் பார்க்கும். உங்கள் வீட்டில் சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது முதல் பாதி. அதைப் பொய் என்று நினைக்காதீர்கள். அன்றைக்கு அவர் நிஜமாகவே சாப்பிட்டார், நிஜமாகவே சிரித்தார்.

எட்வின் ஷ்னைட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் வாழ்நாள் முழுக்க இதையேதான் ஆராய்ந்தார். இப்படி உயிரை விடுபவர்கள் தேடுவது சாவை அல்ல, தாங்க முடியாத மனவலிக்கு ஒரு நிறுத்தத்தை என்பது அவர் கண்டது. கூடவே இன்னொன்றும் சொன்னார்: அந்த வலியில் பார்வை குறுகிப்போகிறது. வண்டிக் குதிரைக்குக் கண்பட்டை கட்டியதுபோல. பக்கத்தில் அக்கா நிற்கிறாள், கடன்காரனிடம் தவணை கேட்கலாம், மெஷினை விற்றுவிட்டு வேறு கம்பெனிக்கு வேலைக்குப் போகலாம். இதெல்லாம் உங்களுக்குத் தெரிகிறது. அவருக்குத் தெரியவில்லை. ‘இவ்வளவு வழி இருந்ததே’ என்று நாம் பேசுவது பட்டை கட்டாத கண்ணோடு பேசுவது.

இப்போது அந்த 340 ரூபாய். உங்கள் கடிதத்தில் என்னை ரொம்ப நேரம் நிறுத்திவைத்தது அதுதான். டீக்கடைக்காரரை நினைத்தவன் எங்களை நினைக்கவில்லையே என்கிறீர்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. அவர் உங்களை நினைக்காமல் இல்லை, தப்பாக நினைத்துவிட்டார். தாமஸ் ஜாய்னர் என்ற உளவியலாளர், தன் அப்பாவையே இப்படி இழந்தவர், இந்த மனநிலையில் இருப்பவர்களிடம் ஓர் எண்ணம் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தார்: ‘நான் எல்லோருக்கும் பாரம், நான் இல்லாவிட்டால் இவர்கள் நன்றாக இருப்பார்கள்.’ தம்பி வரவு செலவு எழுதிப் பழகியவர். மனசுக்குள் இருந்த நோட்டில் தன் பெயரையே பற்றுப் பக்கத்தில் எழுதிவிட்டார். யாருக்கும் பாக்கி இருக்கக்கூடாது என்று டீக்கடை வரை அடித்து வந்தவருக்கு, தன்னையும் அடித்துவிடுவதுதான் குடும்பத்துக்கு லாபம் என்று தோன்றியிருக்கலாம்.

கணக்கு தப்பு. சுத்தமாகத் தப்பு. நான்கு மாதமாக நீங்களும் அந்தப் பையனும் படுவதே அதற்குச் சாட்சி. இதைத் தியாகம் என்று யாராவது மெழுகினாலும் நம்பாதீர்கள், கோழைத்தனம் என்று சொன்னாலும் கேட்காதீர்கள். காய்ச்சலில் பிதற்றுகிறவனை நாம் பொய்யன் என்று சொல்வதில்லை. சட்டமே மாறிவிட்டது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரை முதலில் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் எடுத்துக்கொள்கிறது, வழக்குப் போட்டுத் தண்டிக்கக்கூடாது என்கிறது. சொந்தக்காரர்கள்தான் இன்னும் பழைய சட்டத்திலேயே இருக்கிறார்கள்.

கோபம் வருகிறதா, வரட்டும். அவரை நேசித்ததால் வருகிற கோபம் அது. போட்டோ முன்னால் நின்று திட்டக்கூடச் செய்யலாம், தப்பில்லை.

அடுத்து சொல்வதை எழுதலாமா என்று யோசித்தேன், உங்களுக்கு வலிக்கும். ஆனால் தம்பி இருந்த அதே இடத்தில் இன்று இருக்கிற ஒருவர் இந்தப் பக்கத்தைப் படிக்கலாம். சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தில் கடைசி நேரத்தில் தடுக்கப்பட்ட 515 பேர் அப்புறம் என்ன ஆனார்கள் என்று ரிச்சர்ட் சைடன் என்ற ஆய்வாளர் விசாரித்து 1978இல் எழுதினார். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிறகு தற்கொலையால் சாகவில்லை. அந்தக் கண்பட்டை நிரந்தரமானது இல்லை. அந்த நேரத்தைத் தாண்ட யாராவது கூட இருந்தால் போதும் என்கிற நிலை பலருக்கு. இதைப் படித்துவிட்டு ‘அப்படியானால் நான் தடுத்திருக்கலாமே’ என்று ஆரம்பிக்காதீர்கள். விடை தெரிந்த பிறகு கேள்வித்தாள் சுலபமாகத்தான் தெரியும். 2022இல் மட்டும் தமிழ்நாட்டில் 19,834 பேர் இப்படி இறந்தார்கள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். நாடு முழுக்கக் கணக்கெடுத்தால் பத்தில் ஏழு பேர் ஆண்கள். அவர்கள் வீடுகளிலும் யாரோ ஒருவர் அன்றைக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டுதான் இருந்திருப்பார்.

வட்டிக்காரர்கள் விஷயம்: வாரிசுகள் இறந்தவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் கடனுக்குப் பொறுப்பு. தம்பி மனைவி தானே கையெழுத்துப் போட்டிருந்தால் அது வேறு. மிரட்டினால், 2003ஆம் ஆண்டின் அதிக வட்டி வசூல் தடைச் சட்டம் இருக்கிறது, போலீசில் புகார் கொடுக்கலாம். பெண்களுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கிடைப்பார். அந்தப் பெண்ணைத் தனியாக அனுப்பாதீர்கள், கூடப் போங்கள்.

பையனிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். தெருவில் எவனாவது விளையாட்டுச் சண்டையில் சொல்வதற்கு முன் அம்மாவும் அத்தையும் சொல்வது மேல். விவரங்கள் வேண்டாம். “அப்பாவுக்கு மனசுல ஒரு நோய் வந்துடுச்சு. அதுல சரியா யோசிக்க முடியலை. அவரே அவர் உயிரை எடுத்துக்கிட்டார். நீ செஞ்ச எதனாலும் இது நடக்கலை” என்ற அளவு போதும். அந்தக் கடைசி வரியை மட்டும் பல தடவை சொல்ல வேண்டியிருக்கும். அன்றைக்கு ஹோம்ஒர்க் செய்யாததற்குத் திட்டு வாங்கினேனே, அதனாலா என்று பிள்ளைகள் உள்ளுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஷ்னைட்மன் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் கேட்கச் சொன்னது சின்னக் கேள்விதான்: எங்கே வலிக்கிறது? தம்பி மனைவியிடம் இந்த வாரம் அதைக் கேளுங்கள். சமாதானம் சொல்ல வேண்டாம், பதில் வரும்வரை உட்கார்ந்திருங்கள். உங்களிடம் கேட்க ஆள் இல்லாவிட்டால் 14416 இருக்கிறது, அரசின் மருத்துவ உதவி எண் 104 இருக்கிறது, சென்னை சினேகா அமைப்பின் 044-24640050 இருக்கிறது. தூக்கம் வராதது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு ஒரு நடை போய் வாருங்கள்.

அப்புறம், அந்த நோட்டைக் கிழித்துப் போட்டுவிட வேண்டாம். பழைய பேப்பரோடும் போய்விடப் போகிறது, பத்திரமாக எடுத்து வையுங்கள். கடன் விவரத்துக்கு வக்கீல் கேட்பார். பையனும் பெரியவனானதும் அப்பாவின் கையெழுத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒரு நாள் வந்து நிற்பான்.