மலைக்கு நடந்து போறவங்களுக்கு: கரடி, யானை, விரியன் – கேள்வி பதில்

ஆலங்காயம்: அண்ணா, நாலு பேர் சேர்ந்து ஜவ்வாது மலையில ஒரு நாள் நடக்கப் போறோம். கரடி எதிர்ல வந்தா என்ன செய்யணும்?

எதிரில் வராமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கால் வேலை. நம் பக்கத்துக் கரடி மனிதனை இரையாக நினைத்துத் தேடி வருவதில்லை. கண்ணும் காதும் மந்தம், மூக்கு மட்டும் கூர்மை. புற்றை உடைத்துக் கரையானை உறிஞ்சும்போது அது போடுகிற சத்தத்திலேயே நீங்கள் வருகிற சத்தம் அமுங்கிவிடும். பத்தடியில் திடீரென்று உங்களைக் கண்டால் மிரண்டு பாயும். முதுகில் குட்டி இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அதனால் பேசிக்கொண்டே நடங்கள். வளைவு, புதர், ஓடை இரைச்சல் உள்ள இடம் வந்தால் கை தட்டிக் குரல் கொடுங்கள். காதில் ஹெட்போன் கூடாது. புதிதாக உடைத்த புற்று, ஈரம் காயாத மண், இலந்தைக் கொட்டை கலந்த எச்சம் கண்ணில் பட்டால் திரும்பிவிடுங்கள். பாறை இடுக்கில் நிழலுக்கு ஒதுங்காதீர்கள், பகலில் அது படுப்பது அங்கேதான். வெயில் ஏறியபின் கிளம்பி, மாலை 4 மணிக்குள் ஊருக்குள் வந்துவிடுங்கள்.

தூரத்தில் பார்த்தீர்களா? அது உங்களைப் பார்க்கவில்லையென்றால் வந்த வழியே பின்வாங்குங்கள். இரண்டு காலில் எழுந்து நின்றால் பெரும்பாலும் வாசம் பிடிக்கிறது என்று பொருள். நால்வரும் நெருங்கி நின்று, தணிந்த குரலில் பேசியபடி, முதுகு காட்டாமல் பின்னால் நகருங்கள்.

ஒடுகத்தூர்: மரத்துல ஏறிட்டா?

தேனடைக்காக மரம் ஏறுகிற மிருகம் அது.

ஆம்பூர்: பள்ளிக்கூடத்துல படிச்ச கதை மாதிரி, மூச்சைப் பிடிச்சிக்கிட்டு செத்தவன் போல படுத்தா விட்டுட்டுப் போயிடுமா?

அந்தக் கதையில் பாதி சரி, பாதி ஆளைக் கொல்லும். கரடி முகத்தையும் தலையையும்தான் குறிவைக்கும். மல்லாந்து படுத்தால் இரண்டையும் நீங்களே கொடுத்ததாக ஆகும். தப்பிக்க வழியில்லாமல் மேலே விழுந்துவிட்டால் குப்புறப் படுங்கள். விரல்களைக் கோத்துப் பிடரியை மூடி, முழங்கைகளால் முகத்தின் இருபக்கமும் அணை கட்டுங்கள். முதுகுப்பையைக் கழற்றாதீர்கள், அது கவசம். புரட்டப் பார்த்தால் கால்களை அகட்டி மண்ணோடு ஒட்டுங்கள்.

போளூர்: ஒத்துக்க மாட்டேன். படுத்தா செத்தோம். தடியால மூக்குல அடிச்சா ஓடிடும்.

ஓடிய கரடியும் உண்டு, இன்னும் வெறிகொண்ட கரடியும் உண்டு. தடியைக் கரடிக்கும் உங்களுக்கும் நடுவில் நீட்டிப் பிடியுங்கள், அதுவரை சரி. அது மேலே விழுந்தபின் தடி வீச இடம் இருக்காது.

போளூர்: அப்போ கூட வந்தவன் வேடிக்கை பார்க்கணுமா?

நல்ல கேள்வி. கூடாது. கூட இருப்பவர்கள் சிதறி ஓடாமல் ஒன்றாக நின்று, தடியால் தரையில் அறைந்து கத்த வேண்டும். பயத்தால் தாக்குகிற மிருகம், தன்னைவிடப் பெரிய கூட்டத்தைக் கண்டால் பின்வாங்க வாய்ப்பு அதிகம். குறைந்தது மூன்று பேராகப் போகச் சொல்வது இதற்குத்தான். படுத்தவர் மட்டும் அவசரப்பட்டு எழக்கூடாது. அசைவைப் பார்த்துத் திரும்பி வரும்.

ஆரணி: கரடியைப் பார்த்தா செத்த மாதிரி படுக்கலாமா?

மேலே இரண்டு முறை சொல்லியாகிவிட்டது. பார்த்தவுடன் இல்லை, மேலே விழுந்தபின்.

பேரணாம்பட்டு: எங்க ஊர்ப் பக்கம் கரடியைவிட யானைதான் பயம். தோட்டத்துக்கு விடிகாலையில பைக்ல போகணும்.

ஆந்திர எல்லையில் கௌண்டின்யா சரணாலயம் ஒட்டியிருக்கிறது. அந்த வட்டாரத்துக்கு 1980களில் யானைகள் திரும்பி வந்தபின், மாவும் கரும்பும் இருக்கிற எல்லைக் கிராமங்களுக்கு இது மாறாத கவலை. விடியும்வரை காத்திருங்கள். சாணம் சூடாக, ஈரமாக இருந்தாலும், கிளை முறியும் சத்தம் கேட்டாலும் முன்னே போகாதீர்கள். இங்கேயும் ஹெட்போன் கூடாது, உங்களைக் காப்பாற்றுவது அந்தச் சத்தம்தான். யானை பாதையில் நின்றால் நூறு மீட்டருக்கு முன்பே நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல், ஹாரன் அடிக்காமல் வண்டியைத் திருப்புங்கள்.

காதை விசிறிக்கொண்டு மேய்ந்தால் நிதானமாக இருக்கிறது. காதை விறைப்பாக விரித்துத் தலை தூக்கிப் பார்த்தால் எச்சரிக்கிறது. தும்பிக்கையைச் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டு வந்தால் உண்மையாகவே வருகிறது. இறக்கத்தில் ஓடினால் யானை வராது என்பது பொய். பெரிய பாறை, ஆழமான பள்ளம் என்று அது தாண்ட முடியாத ஒன்றின் பின்னால் போங்கள்.

இன்னொன்று: வேலிக்கம்பியில் நேரடிக் கரன்ட் விடாதீர்கள். யானையும் சாகும், விடிகாலையில் தண்ணீர் பாய்ச்ச வருகிற மனிதரும் சாவார். 1972 வனவிலங்குச் சட்டத்தில் குற்றமும்கூட.

அணைக்கட்டு: பாம்பு கடிச்சா மேலே இறுக்கிக் கட்டணும்தானே?

கட்டக்கூடாது. அறுக்கக்கூடாது, வாய் வைத்து உறிஞ்சக்கூடாது. கண்ணாடி விரியன் விஷம் கடித்த இடத்துச் சதையையே அழுகச் செய்யும். கட்டுப் போட்டால் அந்தக் காலை இழக்க நேரிடலாம். மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றுங்கள், வீங்கியபின் வராது. குச்சி வைத்துக் கால் அசையாமல் தளர்வாகக் கட்டி, கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். நடக்க விடாமல் தூக்கி வாருங்கள். விஷமுறிவு ஊசி நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒன்றுதான். பாம்பைப் பிடித்துக்கொண்டு வரத் தேவையில்லை.

குடியாத்தம்: சிறுத்தை?

குனியாதீர்கள், உட்காராதீர்கள், ஓடாதீர்கள். குழந்தையை முதுகு வளைக்காமல் தூக்கிக்கொண்டு, கையை விரித்துக் கத்தியபடி பின்வாங்குங்கள்.

வாணியம்பாடி: காட்டுக்குள்ள டென்ட் போட்டு ராத்திரி தங்கலாமா?

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். ஜமுனாமரத்தூரில் தங்குங்கள். அங்கும் வெறுந்தரையில் படுக்காதீர்கள். கட்டுவிரியன் இரவில்தான் வரும், கடித்தது வலிக்காமலே போகலாம். விடியும்போது வயிறு வலித்து, இமை தூக்க முடியாமல் இருந்தால் தூக்கக் கலக்கம் என்று விட்டுவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். கட்டிலில் கொசுவலை கட்டி, அதன் ஓரத்தைப் பாயின் அடியில் சுற்றிலும் செருகிவிடுங்கள். ராத்திரி இறங்கும்போது முதலில் டார்ச், பிறகு கால். செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள்.