கம்போடியாவில் குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரப் போகலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் வெளிநாட்டுக்குப் போய்ச் சின்னக் குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் தன்னார்வலர்களைப் பற்றி இரண்டு பத்தி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நிறையப் பேர் கம்போடியாவைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். சியாம் ரீப் பக்கத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் உதவி ஆசிரியையாக இருந்திருக்கிறேன், அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டு இந்த முறை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அக்கா, நான் பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டேன். பி.எட். சேருவதற்கு முன் இரண்டு மாதம் கம்போடியா போய் ஓர் அனாதை இல்லத்தில் குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரலாம் என்று ஆசை. ஏற்பாடு செய்யும் நிறுவனம் வாரக் கணக்கில் டாலரில் பணம் கட்டச் சொல்கிறது. அனுபவம் தேவையில்லை, எந்தச் சான்றிதழும் வேண்டாம், உடனே வரலாம் என்கிறார்கள். "சேவை செய்வதற்கு நாமே காசு கட்ட வேண்டுமா?" என்று அப்பா கேட்கிறார். என்ன செய்யட்டும்?
- வாசகி, திருப்பூர்

அப்பா கேட்பது நியாயம்தான், ஆனால் இதில் பெரிய பிரச்சினை காசு இல்லைம்மா. நீங்கள் தங்குவதற்கும் சாப்பிடுவதற்கும் ஆகும் செலவை ஓர் ஏழைப் பள்ளியின் தலையில் கட்டக்கூடாது, அதை நாம் ஏற்றுக்கொள்வதுதான் மரியாதை. கட்டுகிற தொகையில் பள்ளிக்கு எவ்வளவு போகிறது, நடுவில் இருப்பவர் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார் என்று எழுத்தில் கேளுங்கள், ஒழுங்கானவர்கள் பதில் சொல்வார்கள். என்னை உறுத்துவது அந்த அனாதை இல்லம். அங்கே மட்டும் போகாதீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். கம்போடியாவில் 2005இல் இப்படிப்பட்ட இல்லங்கள் 154 இருந்தன, 2010இல் 269 ஆகிவிட்டன. போரெல்லாம் முடிந்து, பெற்றோரை இழந்த பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டு வந்த காலம் அது. அப்படியிருக்க இல்லங்கள் மட்டும் எப்படிப் பெருகின? யுனிசெஃபும் அந்நாட்டு அரசும் சேர்ந்து பார்த்தபோது, அங்கிருந்த குழந்தைகளில் முக்கால்வாசிப் பேருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்தது தெரியவந்தது. அங்கோர் வாட் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற சியாம் ரீப், தலைநகரம் புனோம் பென் மாதிரி இடங்களில்தான் நிறைய இல்லங்கள் முளைத்தன. "நன்றாகப் படிக்க வைக்கிறோம், வெள்ளைக்காரர்கள் வந்து ஆங்கிலம் சொல்லித்தருகிறார்கள்" என்று சொல்லிக் கிராமத்து அம்மாக்களிடமிருந்து பிள்ளைகளைக் கூட்டி வருகிறார்கள். எல்லா இல்லங்களும் அப்படி இல்லை, ஆனால் எது எப்படிப்பட்டது என்று திருப்பூரில் இருந்துகொண்டு உங்களாலும் என்னாலும் கண்டுபிடிக்க முடியாது. வருகிறவர்கள் கட்டும் பணம் நிற்காத வரை, பிள்ளையை வீட்டுக்குத் திருப்பி அனுப்ப அவர்களுக்கு ஏன் மனசு வரும்? ஆஸ்திரேலியா 2018இல் நவீன அடிமைத்தனத்துக்கு எதிராகச் சட்டம் போட்டபோது, இப்படி இல்லங்களுக்காகக் குழந்தைகளைக் கடத்துவதையும் அடிமைத்தனத்தின் ஒரு வகை என்று ஏற்றுக்கொண்டது.

இன்னொன்றும் இருக்கிறது. போன இரண்டாம் நாளே ஐந்து வயதுக் குழந்தை ஓடி வந்து மடியில் ஏறிக்கொள்ளும், நமக்கு உருகிவிடும். ஆனால் அம்மா அப்பாவோடு வளர்கிற குழந்தை புது ஆளைக் கண்டால் முதலில் கொஞ்சம் ஒதுங்கும், அம்மாவின் புடவைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கும். யார் வந்தாலும் மடியில் ஏறும் குழந்தையைச் சுற்றி ஆட்கள் மாறிக்கொண்டே இருந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நீங்கள் இரண்டு மாதம் பாசமாக இருந்துவிட்டுக் கிளம்பினால் அந்தப் பட்டியலில் இன்னொருவர் ஆவீர்கள்.

சரி, அப்போ கம்போடியாவே வேண்டாமா? போகலாம், தாராளமாகப் போகலாம். பிள்ளைகள் சாயங்காலம் வீட்டுக்குப் போகிற பள்ளியாகப் பாருங்கள், உள்ளூர் ஆசிரியர் ஒருவர் சம்பளத்தில் இருக்கிற வகுப்பாக இருக்கட்டும், நீங்கள் அவருக்குத் துணையாக நில்லுங்கள். நிறுவனத்திடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், முக்கால்வாசி விஷயம் வெளியே வந்துவிடும்: நான் வருவதற்கு முந்தின வாரம் இந்த வகுப்பை யார் எடுத்தார், நான் கிளம்பின மறுநாள் யார் எடுப்பார்? "இன்னொரு தன்னார்வலர்" என்று பதில் வந்தால் அந்த இடம் வேண்டாம். அப்படித் தன்னார்வலர்களை மட்டும் நம்பி ஓடின ஒரு வகுப்பை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். வருகிற ஒவ்வொருவரும் ஏ, பி, சி-யும் நிறங்களின் பெயர்களும் ஆரம்பித்து, அது முடிகிற நேரத்தில் ஊருக்குக் கிளம்புவார், அடுத்தவர் வந்து மறுபடியும் ஏ, பி, சி. ஏழு வயதுப் பையன் ஒருவன் ரெட், ப்ளூ, க்ரீன், எல்லோ என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பான், அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்கத் தெரியாது. இத்தனைக்கும் அவன் வருடக்கணக்காக ஆங்கில வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான்.

சான்றிதழ் எதுவும் வேண்டாம் என்று சொல்வதும் நல்ல அறிகுறி இல்லை. குழந்தைகளோடு பழகப் போகிற ஒருவரிடம் போலீஸ் நற்சான்றிதழ்கூடக் கேட்காத இடம், உங்களுக்கு முன்னால் வந்தவர்களிடமும் கேட்டிருக்காது, அதை யோசித்துப் பாருங்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் பாஸ்போர்ட் அலுவலகத்தில் விண்ணப்பித்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் ஆங்கிலம் தப்பில்லாமல் இருக்கும், ஆனால் பேசினால் மதுரைக்காரன் என்று தெரிந்துவிடும். இங்கிலாந்து, அமெரிக்கா ஆட்களைத்தானே எல்லோரும் கேட்கிறார்கள்? ஏதாவது கோர்ஸ் முடித்தால் சரியாகுமா?
- வாசகர், மதுரை

நிறைய இடங்களில் அப்படித்தான் கேட்கிறார்கள் தம்பி, அது அநியாயம். கம்போடியா 1999இல் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானில் சேர்ந்தது, ஆசியான் நாடுகள் ஒன்றோடொன்று பேசும் அலுவல் மொழி ஆங்கிலம். அந்தப் பிள்ளைகள் பெரியவர்களானதும் தாய்லாந்துக்காரர், வியட்நாம்காரர், பிலிப்பைன்ஸ்காரர் என்று இவர்களோடுதான் ஆங்கிலம் பேசப் போகிறார்கள். இரண்டு மொழி தெரிந்து, அதில் ஒன்றைப் பள்ளிக்கூடத்தில் கஷ்டப்பட்டுப் படித்து வந்த உங்களுக்கு ஒரு குழந்தை எங்கே தடுக்கி விழும் என்று தெரியும். அது பெரிய பலம். தெளிவாக, நிதானமாகப் பேசுங்கள், போதும்.

கோர்ஸ் என்றால், ஆங்கிலத்தை அயல்மொழியாகச் சொல்லித்தருவதற்கான 120 மணி நேர டெஃபல் சான்றிதழ் பல இடங்களில் கேட்பார்கள், எடுத்துக்கொள்ளுங்கள். நேரில் வகுப்பு எடுத்துப் பழகும் பகுதி அதில் இருக்கிறதா என்று பாருங்கள், வெறும் வீடியோ பார்த்துக் கேள்விக்கு டிக் அடிக்கிற சான்றிதழால் ஒன்றும் வராது. கேம்பிரிட்ஜின் செல்ட்டா நல்ல பயிற்சி, ஆனால் அது பெரியவர்களுக்குச் சொல்லித்தருவதை மனதில் வைத்து உருவானது. சின்னக் குழந்தைகளுக்கென்றால், நம் ஊரில் இல்லம் தேடிக் கல்வி மையத்தில் ஒரு வருடம் மாலை வகுப்பு எடுத்தவரையோ பால்வாடியில் வேலை பார்த்தவரையோதான் நான் முதலில் கூப்பிடுவேன். இருபது பிள்ளைகளை ஒரே நேரத்தில் உட்கார வைக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்.

கேள்வி: எனக்கு இடம் உறுதியாகிவிட்டது, கிராமப் பள்ளி, ஐந்தாறு வயதுக் குழந்தைகள், கூடவே கெமர் ஆசிரியை ஒருவர் இருப்பார். அந்த நாட்டின் கெமர் மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. எப்படிச் சமாளிப்பது?
- வாசகி, தஞ்சாவூர்

வாழ்த்துகள், நல்ல இடமாகத் தெரிகிறது. கெமர் முழுதாகத் தெரிய வேண்டியதில்லை, ஆனால் உட்கார், எழுந்திரு, கேள், நன்று, பேர் என்ன, வலிக்கிறதா என்பதையெல்லாம் போகும் முன்பே பழகிக்கொள்ளுங்கள். கடைசிச் சொல் ரொம்ப முக்கியம், விழுந்து அழுகிற குழந்தையிடம் ஆங்கிலம் பேசி என்ன பயன்?

அந்த வயதுக்கு ஒரு வேலை பத்து நிமிஷத்துக்கு மேல் தாங்காது. பத்து நிமிஷம் பாட்டு, பத்து நிமிஷம் கையில் பொருளை வைத்து விளையாட்டு, அப்புறம் எழுந்து நின்று செய்கிற மாதிரி ஏதாவது என்று மாற்றிக்கொண்டே இருங்கள். நீங்கள் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும்: ஸ்டாண்ட் அப் என்றால் நீங்களே எழுந்திருங்கள், டச் த டோர் என்றால் போய்க் கதவைத் தொடுங்கள். முதலில் அவர்கள் வாயைத் திறக்காமல் செய்து காட்டுவார்கள், அதுவே போதும், பேச்சு பின்னாலேயே வரும், வற்புறுத்தாதீர்கள். படம் போட்ட அட்டைகளை மூட்டை கட்டிக்கொண்டு போக வேண்டாம். வகுப்பு வாசலில் பிள்ளைகள் கழற்றிவிட்ட செருப்புகள் வரிசையாகக் கிடக்கும். அதை எடுத்து பெரிசு, சிறிசு, என்னுடையது, உன்னுடையது என்று ஆரம்பித்தால் ஒரு பாடம் முழுக்க ஓடும், "மை ஷூ, மை ஷூ" என்று தன் செருப்பைக் காப்பாற்ற ஓடி வரும் குழந்தைக்கு அந்த வாக்கியம் மறக்கவே மறக்காது.

கெமர் மொழியைப் பற்றி இரண்டு மூன்று விஷயம் தெரிந்திருந்தால் பிள்ளைகளை அநாவசியமாகத் திருத்த மாட்டீர்கள். பெயர்ச்சொல்லுக்குப் பன்மை விகுதி கிடையாது, வினைச்சொல் காலத்துக்கேற்ப மாறாது, அதனால் "டூ புக்", "யெஸ்டர்டே ஐ கோ" என்றுதான் முதலில் வரும். சொல்லின் கடைசியில் வரும் மெய்யைச் சட்டென்று விழுங்கிவிடுவார்கள், ரைஸும் ரைட்டும் ஒரே மாதிரி கேட்கும். எண்கள் ஐந்து ஐந்தாகப் போகும், ஆறு என்பது ப்ராம்-முய், அதாவது ஐந்தும் ஒன்றும், எனவே ஆங்கில சிக்ஸ், செவனில் கொஞ்சம் தடுமாறினால் பொறுமையாக இருங்கள். எழுதும்போது கெமரில் சொற்களுக்கு நடுவே இடைவெளி விடுவதில்லை. ஆங்கிலத்தையும் சில பிள்ளைகள் ஆரம்பத்தில் அப்படியே ஒட்டி எழுதுவார்கள், ஒவ்வொரு சொல்லுக்குப் பிறகும் ஒரு விரலை வைத்து எழுதச் சொல்லுங்கள். கெமர் எழுத்து நம் பல்லவர் காலத்து எழுத்திலிருந்து வளர்ந்ததுதான். மெய்க்கு முன்னும் பின்னும் மேலும் கீழும் உயிர்க்குறிகள் வருவதைப் பார்த்தால், கொம்பும் காலும் போட்டுப் பழகின நமக்கு மிரட்சியாக இருக்காது. சாயங்காலம் அந்த ஆசிரியையிடம் பத்து எழுத்து கற்றுக்கொள்ளுங்கள், மறுநாள் கரும்பலகையில் ஒரு குழந்தையின் பெயரைக் கெமரில் எழுதிப் பாருங்கள், வகுப்பே உங்கள் பக்கம் வந்துவிடும்.

முக்கியமான ஒன்று. நாம் பாசத்தில் குழந்தையின் தலையைத் தடவுவோம், அங்கே தலை புனிதமானது, பெரியவர்கள் முன்பின் தெரியாதவர் தொடுவதை விரும்ப மாட்டார்கள். கால்நீட்டி உட்கார்ந்து பாதத்தை யாருக்கும் நேராகக் காட்டாதீர்கள். குழந்தைகள் முகம் தெரியும் படங்களை இன்ஸ்டாகிராமில் போடாதீர்கள், உங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளையை அப்படி யாராவது ஊர் பேரோடு போட்டால் அந்த அம்மா சும்மா இருப்பாரா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளித் தலைமை ஆசிரியை, வயது 61. இந்த வயதில் போவது அசட்டுத்தனமா?
- வாசகி, நாகர்கோவில்

இல்லவே இல்லை அம்மா, உங்களைப் போன்றவர்கள்தான் அங்கே தேவை. 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் பள்ளிகளை மூடி, படித்தவர்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள், ஆசிரியர்களில் மிகச் சிலரே தப்பினார்கள். மூத்த ஆசிரியர் இளையவருக்குக் கைமாற்றிக் கொடுக்கிற அனுபவம் ஒரு தலைமுறையாகவே அறுந்துபோனது. அதனால் நீங்கள் பிள்ளைகளுக்கு எடுக்கும் ஒரு மணி நேரத்தைவிட, அங்குள்ள ஓர் இளம் ஆசிரியையோடு உட்கார்ந்து நாளைய பாடத்தைத் திட்டமிடும் ஒரு மணி நேரம் நீண்ட நாள் நிற்கும். ஆசிரியர் பயிற்சி வேலையாகவே கேட்டு வாங்குங்கள். ஏப்ரலில் மட்டும் போகாதீர்கள், வெயில் தாங்காது. நம் சித்திரைப் புத்தாண்டு வரும் அதே சமயத்தில்தான் அவர்களுக்கும் புத்தாண்டு, பள்ளியும் மூடியிருக்கும்.

கேள்வி: கம்போடியா என்றாலே பயமாக இருக்கிறது. வேலைக்கென்று போன நம் பையன்கள் அங்கே மாட்டிக்கொண்டதாகச் செய்தியில் பார்த்தேன். என் மகளுக்கு 22 வயது, ஆங்கிலம் சொல்லித்தரப் போகிறேன் என்கிறாள். அனுப்பலாமா?
- ஓர் அம்மா, சேலம்

உங்கள் பயம் சரியான பயம். டேட்டா என்ட்ரி வேலை என்று ஆசை காட்டிக் கூட்டிப்போய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு இணைய மோசடி செய்ய வைக்கும் கும்பல்கள் அங்கே இருக்கின்றன. ஏறக்குறைய 250 இந்தியர்களை மீட்டுத் திருப்பி அனுப்பியிருப்பதாக நம் வெளியுறவு அமைச்சகம் 2024 மார்ச்சில் சொன்னது. அதனால் மகளுக்கு வந்திருக்கும் அழைப்பை நீங்களும் உட்கார்ந்து படியுங்கள். தன்னார்வப் பணி என்று சொல்லிவிட்டுப் பெரிய சம்பளம், இலவச விமான டிக்கெட், வாட்ஸ்அப்பில் மட்டும் பேச்சு என்று இருந்தால் அது பள்ளிக்கூடமே இல்லை. பள்ளியின் தலைமை ஆசிரியரோடு வீடியோ அழைப்பில் வகுப்பு நடக்கும் நேரத்தில் பேசச் சொல்லுங்கள். ஏற்கெனவே போய் வந்த இரண்டு பேரின் தொடர்பைக் கேளுங்கள், நீங்களே அவர்களோடு பேசுங்கள்.

சுற்றுலா விசாவில் வந்துவிடு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். சம்பளம் இல்லாவிட்டாலும் வகுப்பு எடுப்பது வேலைதான், அதற்கு அங்கே ஈ வகை விசா, அதன் பிறகு வேலை அனுமதி. இதைப் பள்ளியே முன்வந்து விளக்க வேண்டும். பாஸ்போர்ட்டை எந்தக் காரணத்துக்காகவும் மகள் இன்னொருவர் கையில் விட்டு வைக்கக் கூடாது, கேட்டால் நகல் கொடுக்கட்டும். திரும்பி வரும் டிக்கெட்டை நீங்களே எடுத்துக் கொடுங்கள், புனோம் பென்னில் இருக்கும் நம் தூதரகத்தின் எண்ணை அவள் போனிலும் உங்கள் போனிலும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் சரியாக இருந்தால் தைரியமாக அனுப்புங்கள்.