கருமணல் நிலத்தில் ரைசோபியம் பிழைக்குமா?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி அருகே தென்னைக்கு ஊடுபயிராகத் தட்டைப்பயறு விதைத்தோம். பயறு வேரில் முடிச்சு உண்டாக்கி, காற்றின் நைட்ரஜனைச் செடிக்குத் தரும் பாக்டீரியாவான ரைசோபியத்தைக் கலந்தும் வேரில் முடிச்சுகளே இல்லை. கருமணலின் கதிர்வீச்சு நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும் என்கிறார்கள். நுண்ணுயிர் உரம் வாங்குவது வீணா?

பதில்: வீண் இல்லை. கதிர்வீச்சின் மேல் பழி போடுவது எளிது. கணக்கு இடம் தரவில்லை.

மணலைக் கருப்பாக்குவது இல்மனைட் என்ற கனிமம். கதிரியக்கம் பெரும்பாலும் மஞ்சள் கலந்த பழுப்பு மணிகளான மோனசைட்டிலிருந்து, அதிலுள்ள தோரியம் என்ற கதிரியக்கத் தனிமத்தால் வருகிறது. அந்தத் தோரியம் படிகத்துக்குள் இறுகிக் கிடக்கிறது. மண்ணின் ஈரத்தில் எளிதில் கரையாது. அது உமிழும் ஆல்பா துகள் மண்ணில் ஒரு மில்லிமீட்டர்கூடக் கடக்காது. மிஞ்சுவது காமா கதிர்.

அதையும் தாராளமாக ஆண்டுக்கு 50 மில்லிகிரே என்றே வைத்துக்கொள்வோம் (கிரே என்பது உறிஞ்சப்படும் கதிர்வீச்சின் அலகு; ஒரு கிரே 1,000 மில்லிகிரே). ஈ. கோலை பாக்டீரியாக்களில் பத்தில் ஒன்பதைச் சாகடிக்க ஆய்வகத்தில் ஒரே மூச்சில் 100 கிரேக்கு மேல் செலுத்த வேண்டும். உங்கள் நிலத்தில் அவ்வளவு சேர 2,000 ஆண்டுகள் ஆகும். அதற்குள் எத்தனையோ தலைமுறை பாக்டீரியா பிறந்து, பழுதான டி.என்.ஏ.வைச் சீராக்கிக்கொண்டு, பெருகிவிடும். மனிதனுக்கோ 4, 5 கிரே ஒரேயடியாகப் பட்டாலே உயிர் ஊசலாடும்! 1986 செர்னோபில் விபத்தில் அணுஉலையை ஒட்டிய பைன் காடு சிவந்து பட்டுப்போனது. அந்த மண்ணில் நுண்ணுயிர்கள் அடியோடு அழியவில்லை. சிதைந்த உலையின் சுவர்களிலேயே மெலனின் என்ற கருநிறமி நிறைந்த கரும்பூஞ்சைகள் படர்ந்தன.

உங்கள் நிலத்தில் நான் சந்தேகப்படுவது வேறு: கரிமச்சத்து குறைந்த மணல், நண்பகல் சூடு, ஈரம் தங்காமை. கடலை ஒட்டிய நிலம் என்றால் உப்பும் சேரும். மட்கிய தொழுஉரமும் தென்னை ஓலை மூடாக்கும் இல்லாமல் எந்த நுண்ணுயிர் உரப் பொட்டலமும் அங்கே பலன் தராது.

பொட்டலத்தின் காலாவதித் தேதியைப் பாருங்கள். ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி, அன்றே ஈர மண்ணில் விதையுங்கள். பூஞ்சைக்கொல்லி கலந்த விதையானால் ஒரு நாள் இடைவெளி விடுங்கள். யூரியாவை அள்ளிப் போட்டால் செடி முடிச்சு வைக்காது.

ஒரு மாதம் கழித்துச் செடியை மண்ணோடு தோண்டி எடுங்கள். பிடுங்கினால் முடிச்சுகள் உதிர்ந்துவிடும். இருப்பதை நறுக்கிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் ரைசோபியம் வேலை செய்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் மண் பரிசோதனையில் உப்பையும் மணிச்சத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.