காலிக்கூடு ஸ்லைடில் சிக்குவது: முதலில் தோட்டாவை மாற்றுங்கள்

.22 பிஸ்டலில் 50 தோட்டாவுக்கு இரண்டு முறை, சுட்ட தோட்டாவின் காலிக்கூடு ஸ்லைடில் (சுடும்போது பின்னால் போய் வரும் மேல்பகுதி) சிக்குகிறது என்றால், பிஸ்டலைச் சந்தேகிக்கும் முன் வேறு வகைத் தோட்டா போட்டுப் பாருங்கள். .22 ரிம்ஃபயர் என்ற இந்தச் சிறிய தோட்டா வகையில் உந்துவிசை குறைவு. தோட்டா வலுக்குறைந்தாலோ மணிக்கட்டு தளர்ந்தாலோ ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாது, காலிக்கூடு வெளியே விழாமல் மாட்டிக்கொள்ளும்.

அப்புறம் மேகசின்களில் (தோட்டா அடுக்கும் பெட்டிகள்) 1, 2 என்று எழுதி, எதில் சிக்குகிறது என்று குறித்து வையுங்கள். ஒன்றில் மட்டும் என்றால் அதன் வாய் விளிம்பு வளைந்திருக்கலாம். எல்லாவற்றிலும் வந்தால் எக்ஸ்டிராக்டர் (காலிக்கூட்டை இழுத்தெடுக்கும் கொக்கி) அடியில் தோட்டாவின் மெழுகும் கரியும் அப்பியிருக்கலாம். எனக்கு அதுதான் (சுத்தம் செய்தேன் என்று சத்தியமே பண்ணியிருந்தேன்).

சிங்கப்பூரில் பிஸ்டல் கிளப் ஆயுத அறையில்தானே இருக்கிறது, நீங்களே கழற்றாமல் அங்கே சொல்லுங்கள். சத்தம் 'புஸ்' என்று அடங்கி வந்தால் மட்டும் அடுத்த தோட்டா வேண்டாம். குழலை இலக்குப் பக்கமே வைத்து ரேஞ்ச் ஆபீசரைக் கூப்பிடுங்கள், குண்டு உள்ளேயே நின்றிருக்கலாம்.